இறக்கையில் எழுதிய ‘வருக வருக’

சென்னையில் பறப்பதற்குப் பஞ்சமே கிடையாது. வேளச்சேரிக்குப் போவது பறக்கும் ரயில். தேர்தல் வந்தால் பறக்கும் படை. முச்சந்திக்கு முச்சந்தி கொடி பறக்கும். வாக்குறுதி காற்றில் பறக்கும். மெட்ரோவுக்குத் தோண்டிய தெருவில் புழுதி பறக்கும், ஹெல்மெட் இல்லாமல் சிக்கியவனுக்கு மானம் பறக்கும். இத்தனையும் பறக்கிற ஊரில், மயிலாப்பூரில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் செய்த 900 கிராம் விமானம் பறக்க மட்டும் இடமில்லை. அந்தப் பெண்ணின் அப்பன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன்.

முதலில் விமானத்தைப் பற்றி. போன தேர்தல் முடிந்ததும் எங்கள் தெருமுனையில் குப்பையோடு கிடந்த சன்பேக் போர்டுதான் அதன் உடம்பு. நாலு அடி இறக்கை. இடது இறக்கையில் ‘வருக’, வலது இறக்கையில் இன்னொரு ‘வருக’. வால் பகுதியில் ஒரு தலைவரின் பாதி மீசை. எந்தத் தலைவர் என்று சொல்ல மாட்டேன். கத்தியால் வெட்டிப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்ல முடியும்: எந்தக் கட்சி போர்டாக இருந்தாலும் கனம் ஒன்றுதான், உள்ளே இருப்பது வரிவரியாக வெறும் காற்று. மோட்டார், பேட்டரி, ரிமோட், வாலையும் இறக்கை மடிப்பையும் அசைக்கிற 9 கிராம் சர்வோக்கள் எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கியவை. இறக்கை அகலத்தில் முன்னாலிருந்து நாலில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் விரல் வைத்துத் தூக்கினால் விமானம் தராசு போல நிற்க வேண்டும். அது நிற்கும்வரை பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் நின்றது. “அப்பா, இப்ப எங்க பறக்க விடலாம்?” என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஆறு மாதம் போயிற்று.

பழி எல்லாம் டெல்லியின் மேல் விழும் என்றுதான் நானும் நினைத்தேன். 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகளை உட்கார்ந்து படித்தேன். ஆச்சரியம், நம் சட்டங்களின் தரத்துக்கு அது கொஞ்சம் புத்தியோடு எழுதப்பட்டிருக்கிறது. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை ‘மைக்ரோ’. அதை வியாபாரத்துக்கு இல்லாமல் ஓட்டினால் பைலட் லைசென்ஸ் வேண்டாம். மாடல் விமானத்துக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். விமான நிலையத்தைச் சுற்றிய மஞ்சள் மண்டலம் முன்பு 45 கிலோமீட்டர், இப்போது 12. அதிலும் நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள், வேறு தடை இல்லாத இடத்தில், 200 அடி வரை பச்சை. மீனம்பாக்கத்திலிருந்து பார்த்தால் தி.நகரும் அடையாறும் அந்த 8 கிலோமீட்டர் விளிம்பை ஒட்டி வரும். மயிலாப்பூர் அதைத் தாண்டியே இருக்கிறது. வரைபடத்தைத் திறந்து, சிவப்பு எங்கே, மஞ்சள் எங்கே என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். மீறினால் ஒரு லட்சம் வரை அபராதம். நியாயம்தான். பயணிகள் விமானத்தோடு ‘வருக வருக’ மோதுவதை நானும் விரும்பவில்லை.

அதாவது வானம் ஓரளவு கிடைத்துவிட்டது. நின்று பறக்கவிடத் தரைதான் கிடைக்கவில்லை.

ஏன் தரை அவ்வளவு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. பழகுபவர்களுக்கான விமானம் மெதுவானது. மெதுவென்றால் மணிக்கு 35 கிலோமீட்டர், ஒரு வினாடிக்குப் பத்து மீட்டர். அறுபது மீட்டர் அகலமான பூங்காவை ஆறு வினாடியில் தாண்டிவிடும். அந்த ஆறில் இரண்டு வினாடி, ‘இது என்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா’ என்று கண்டுபிடிக்கவே போய்விடும். விலகிப் போகும்போது ரிமோட்டில் இடது என்றால் இடது. நம்மை நோக்கித் திரும்பிவிட்டால் நம் கண்ணுக்கு இடது வலதாகிவிடும். கூட்டணி மாறிய தலைவரை அடுத்த நாள் காலையில் தொண்டன் புரிந்துகொள்வது போலத்தான் அது, கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் வேப்பமரம் வந்துவிடும். ஆகவே ஒரு கால்பந்து மைதானத்தைப் போல இரண்டு மடங்கு வெட்டவெளி, வாரத்துக்கு ஒரு மணி நேரம். இதுதான் எங்கள் முழுக் கோரிக்கை.

ஒரு பூங்காவுக்குப் போனோம். பறக்கவிட அல்ல, ஓரத்தில் புல்லில் நின்று ரிமோட் சிக்னல் எத்தனை அடி வரை எட்டுகிறது என்று பார்க்க மட்டும். காவலாளி மறித்தார்.

“சார், இதெல்லாம் உள்ள எடுத்துட்டுப் போகக் கூடாது.”

“ஏங்க?”

“போர்டுல போட்டிருக்கு பாருங்க.”

பார்த்தேன். பந்து கூடாது, சைக்கிள் கூடாது, நாய் கூடாது, புல்லில் உட்காரக் கூடாது, சாப்பிடக் கூடாது, பூப்பறிக்கக் கூடாது. “விமானம்னு எங்கயும் இல்லையே?”

“எழுத இடமில்ல சார்” என்றார். பொய் சொல்லவில்லை. போர்டில் உண்மையிலேயே இடமில்லை.

மைதானத்துக்குப் போனோம். காலை ஆறு மணிக்கு, ஒரே மைதானத்தில் ஏழு கிரிக்கெட் மேட்ச். ஒரு மேட்சின் ஸ்லிப் இன்னொரு மேட்சின் லாங் ஆன். யாருடைய பந்து யாருடைய விக்கெட்டை வீழ்த்தியது என்று தகராறு வேறு. நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம். “அங்கிள், டீப் மிட்விக்கெட்ல நிக்கறீங்க” என்றான் ஒரு பையன். இடம் மாறினோம். “அங்கிள், அது எங்க மிட்விக்கெட்” என்றான் வேறொரு பையன். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எண்பது பேருக்கு ஒரு மைதானம் என்று விட்டால் அவர்களும் எங்கேதான் போவார்கள்?

ஒரு கல்விக்கூடத்தின் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தோம். உள்ளே ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஒரு பெரிய மைதானம் சும்மா காய்ந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் விண்ணப்பம் கேட்டேன். கொடுத்தார்கள். வெளியாருக்கு அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு படிவம். முதல் கேள்வி: நிகழ்ச்சி திருமணமா, வரவேற்பா? இரண்டாவது: பந்திக்கு எத்தனை இலை?

கடற்கரை பாக்கி இருந்தது. விடியற்காலை ஐந்தரை. நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும் நேரம். பழகுபவருக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை, பத்து மணிக்கு மேல் கடற்காற்று எழுந்துவிட்டால் இந்தப் போர்டு காகிதம்தான். நடப்பவர்களை விட்டு நன்றாகத் தள்ளிப் போய், நான் காற்றை எதிர்த்து வீசினேன். ‘வருக வருக’ எழும்பியது. பதினோரு வினாடி. பன்னிரண்டாவது வினாடி அது எங்களை நோக்கித் திரும்பியது, அவள் கை இடது வலது குழம்பியது, மணலில் மூக்குக் குத்தி நின்றது. பதினோரு வினாடியும் அவள் மூச்சு விடவில்லை. நானும்தான்.

ரோந்துக் காவலர் ஒருவர் வந்தார். நல்ல மனிதர். விமானத்தைக் கையில் எடுத்து, வாலில் இருந்த பாதி மீசையைப் பார்த்ததும் கொஞ்சம் மரியாதையோடு கீழே வைத்தார்.

“இது ட்ரோனா?”

“மாடல் ப்ளேன் சார். கேமரா கிடையாது.”

“பெர்மிஷன் வாங்கினீங்களா?”

“யார்கிட்ட சார் வாங்கணும்?”

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “அது எனக்குத் தெரியலை. ஆனா வாங்கணும்.”

இந்த ஊரின் நிர்வாகத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த அறிஞரும் எழுதிவிட முடியாது. அனுமதி வேண்டாம் என்று சட்டம் சொல்லும் காரியத்துக்கும் இங்கே அனுமதி வேண்டும். கொடுப்பவர்தான் இன்னும் பிறக்கவில்லை.

சரி, யாருக்குத்தான் அனுமதி கிடைக்கிறது? 2023 ஜூனில் அடையாறில் காவல்துறையின் ட்ரோன் பிரிவு திறக்கப்பட்டது. 3.6 கோடி ரூபாய், ஒன்பது ட்ரோன்கள். கூட்டத்தில் எவன் எங்கே நிற்கிறான் என்று மேலே இருந்து பார்க்கலாம். கால்வாய்களில் கொசு மருந்து தெளிக்க மாநகராட்சி ட்ரோன் விடுகிறது. ஆக, இந்த ஊர் வானத்தில் கொசுவுக்கு இடமுண்டு, கொசுவைத் துரத்தும் ட்ரோனுக்கு இடமுண்டு, நம்மைப் பார்க்கும் ட்ரோனுக்கு இடமுண்டு. நாம் நிமிர்ந்து பார்க்க ஒன்றை விட்டால்தான் சந்தேகம்.

மெரினாவில் இறக்கை முளைத்தவை ஏற்கெனவே நிற்கின்றன. எம்ஜிஆர் நினைவிட வாசலில் 2012இலிருந்து ஒரு பறக்கும் குதிரை. பக்கத்திலேயே 2021 ஜனவரியில் திறந்த ஜெயலலிதா நினைவிடம், பீனிக்ஸ் பறவை வடிவம், முழுக்கக் கான்கிரீட். அந்தப் பக்கம் பறவை வைத்தால் இந்தப் பக்கம் சும்மா இருப்பார்களா, கடலுக்குள்ளேயே 134 அடிப் பேனா என்றார்கள். இரு தரப்புக்கும் கடற்கரை சொந்தம். கல்லிலும் கான்கிரீட்டிலும் இருந்தால் இறக்கைக்குத் தடையே இல்லை.

நிஜ விமானமும் வந்தது. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, விமானப்படையின் சாகசக் காட்சி. 72 விமானங்கள். லட்சக்கணக்கில் ஜனம். நேரம் எது? அக்டோபர் வெயிலில், காலை பதினொன்று முதல் மதியம் ஒன்று வரை. தண்ணீர் இல்லை, நிழல் இல்லை, திரும்பிப் போக வழி இல்லை. பறக்கும் ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமில்லை. ஐந்து பேர் செத்துப் போனார்கள். வேடிக்கை பார்க்க வந்த இடத்தில், பட்டப்பகலில், நாட்டின் பெருநகரங்களில் ஒன்றின் பிரதான கடற்கரையில். அதற்குப் பிறகு யார் பொறுப்பு என்று ஒரு வாரம் கட்சிக்காரர்கள் அறிக்கைகளை ஒருவர் மேல் ஒருவர் பறக்கவிட்டார்கள், அந்தப் பறத்தலில் மட்டும் விபத்தே நடப்பதில்லை. ஒரு பாட்டில் தண்ணீர் வைக்கத் துப்பில்லாத அதே நிர்வாகம்தான், என் மகளின் சன்பேக் போர்டு யார் தலையிலாவது விழுந்துவிடும் என்று கவலைப்படுகிறது.

தலையில் விழுவதைப் பற்றிப் பேசுவோமா? 2019 செப்டம்பர் 12, பள்ளிக்கரணை. நடுச்சாலைத் தடுப்பில் அனுமதியில்லாமல் கட்டிய கல்யாண பேனர், அன்றைய ஆளுங்கட்சிக்காரர் வீட்டு விசேஷம். ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. தடுமாறி விழுந்தவள் மேல் தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பேனரும் ஆள் இல்லாமல் பறந்த பொருள்தான். பைலட் இல்லை, பதிவெண் இல்லை, மஞ்சள் மண்டலம் பச்சை மண்டலம் எதுவும் இல்லை. என் மகளுடைய விமானத்தைவிடப் பல மடங்கு கனம். சில மாதம் எல்லாக் கட்சிக்காரர்களும் ‘இனி பேனர் இல்லை’ என்றார்கள். அந்தச் சில மாதம் முடிந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. இல்லாவிட்டால் எங்களுக்கு இறக்கை செய்யப் போர்டு ஏது?

இடத்துக்கு வருகிறேன். கிண்டி ரேஸ் கோர்ஸ், 160 ஏக்கர். வெள்ளைக்காரன் காலத்தில் 99 வருஷக் குத்தகை. வருஷ வாடகை 614 ரூபாய் 13 பைசா. ஏக்கருக்கு வருஷத்துக்கு நாலு ரூபாய்கூடத் தேறாது, தி.நகரில் அந்தக் காசுக்கு ஒரு வடைகூட வராது. பல வருஷ பாக்கி என்று அரசு கணக்குப் போட்டது 730 கோடிக்கு மேல். 2024 செப்டம்பரில் இடத்தைக் கையகப்படுத்தினார்கள், வழக்கும் கூடவே ஓடுகிறது. அங்கே பூங்கா வரும், குளம் வரும் என்கிறார்கள். குளம் வரட்டும், வேளச்சேரி மூழ்குவதை வருஷா வருஷம் பார்க்கிறவன் குளத்தை எதிர்த்துப் பேச மாட்டான். பூங்காவை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. பூங்கா என்றால் வாசலில் ஒரு போர்டு வரும், 160 ஏக்கர் பூங்கா என்றால் கூடாதவை எழுத எத்தனை பெரிய போர்டு வைப்பார்கள்! இத்தனை வருஷம் குதிரைக்கு நாலு ரூபாய்க்குக் கொடுத்தீர்களே, எங்கள் விமானத்தைக் குதிரை என்று பதிவு செய்துகொள்ளுங்கள். ஏக்கருக்கு ஐந்து ரூபாய் தருகிறேன், முன்பணமாக.

கார்களுக்கும் இடம் கிடைத்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் பொதுச்சாலையை மூடி, ராத்திரியில் விளக்குப் போட்டு ஃபார்முலா 4 நடத்தினார்கள். ஊர் பெயர் உலகத்துக்குத் தெரியுமாம். ரொம்ப சந்தோஷம். அதே தீவுத்திடலில்தான் 1910இல், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி’ஏஞ்சலிஸ் என்பவர் தன் விமானத்தை ஜனங்களுக்குக் காட்டினார். அதற்கு முன்னால் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். விமானத்தைச் செய்து கொடுத்தது நம் சிம்ப்சன் கம்பெனி. ஓட்டல்காரர், யோசித்துப் பாருங்கள். நூறு வருஷத்துக்கும் முன்னால் இந்த ஊரில் ஓட்டல்காரர் நிஜ விமானம் ஓட்ட முடிந்தது. இன்றைக்கு அவரே வந்தால் கேட்டில் படிவம் நீட்டி, பந்திக்கு எத்தனை இலை என்று கேட்பார்கள். ஓட்டல்காரர், பதில் சொல்லிவிடுவார்.

விமானப்படைக் காட்சி நடந்த அதே 2024 அக்டோபரில் இன்னொன்றும் நடந்தது. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, விளையாட வருகிறவரிடம் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஊர் கத்தியது, மறுநாளே வாபஸ். கத்தியதால் வாபஸ். கத்தாத இடங்கள் என்ன ஆயின? பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்து சதவீதம் நிலத்தைத் திறந்தவெளியாகப் பொதுவுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதி. நகர அமைப்புக்காரர்கள் அதை ஓஎஸ்ஆர் என்பார்கள். ஓஎஸ்ஆர் என்று எழுதிய இடங்களைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்கூட்டரில் சுற்றினேன். ஒன்றில் பூட்டு. ஒன்றில் அடுக்குமாடிக்காரர்களின் கார் நிறுத்தம். ஒன்றில் கோயில், கும்பாபிஷேகமே ஆகிவிட்டது, சாமியை எழுப்பி விமானம் விடவா முடியும்? விமானம் என்றால் எங்கள் ஊரில் கோபுரம்தான் என்று அர்ச்சகர் சிரித்தார்.

இது ஏதோ பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நடிகர் அஜித்துக்கு இந்தப் பித்து இருப்பது ஊரறிந்தது. 2018இல் குரோம்பேட்டை எம்ஐடி மாணவர்களின் ‘தக்‌ஷா’ அணிக்கு அவர் ஆலோசகர். அந்த அணி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போய், மருத்துவப் பொருளை ஆளில்லா விமானத்தில் கொண்டு சேர்க்கும் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அன்றைக்குப் பொன்னாடை போர்த்தப் போட்டி போட்டார்கள். அந்தப் பையன்கள் பன்னிரண்டு வயதில் எந்தத் திடலில் மூக்குக் குத்தி விழுந்து பழகியிருப்பார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூலைக்கு மூலை நிலத்தை அளந்து விற்கும் சிங்கப்பூரில், பழைய ஹாலந்து ரோடு பக்கம் இதற்கென்றே ஒரு திடல் விட்டிருக்கிறார்கள். நம்மிடம் நிலம் இல்லாமலா? பெரிய விமானம் என்றால் பரந்தூரில் விமான நிலையத்துக்கு வயலும் ஏரியுமாக ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்கத் துணிகிறார்கள். அங்குள்ள ஏகனாபுரத்துக்காரர்கள் 2022இலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்காதவனிடம் பிடுங்கி ஐயாயிரம் ஏக்கர், கேட்கிறவளுக்கு ஒரு ஏக்கர் கிடையாது. இதற்குப் பெயர் வளர்ச்சி என்றால் அந்த வார்த்தையை நான் வீட்டில் குழந்தை முன்னால் சொல்ல மாட்டேன்.

கடைசியில் ஊருக்கு வெளியே போனோம். பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரியெல்லாம் தாண்டி, உள்ளே திரும்பி, ஒரு வறண்ட ஏரி. மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். “விடுங்க தம்பி, மாடு மெரளாம பாத்துக்கங்க” என்றார். ஆறு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த முதல் அனுமதி. அன்றைக்கு ‘வருக வருக’ நாலு நிமிடம் பறந்தது. அவள் அதைத் தன்னை நோக்கித் திருப்பினாள், இடது வலது குழம்பவில்லை, திரும்பவும் திருப்பினாள். பெரியவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அதுல என்ன எழுதியிருக்கு பாப்பா?” என்றார். சொன்னாள். “யார வரச் சொல்லுது?” என்றார்.

மூன்று ஞாயிறு போனோம். நாலாவது ஞாயிறு, ஏரிக்குள் வெள்ளையடித்த கற்கள் முளைத்திருந்தன. மாடுகள் இல்லை, பெரியவரும் இல்லை. கரையில் இருபது அடிக்குப் புத்தம் புதிய விளம்பரம்: மனைகள் விற்பனைக்கு, ஏர்போர்ட் அரை மணி நேரத்தில். எழுத்துக்கு மேலே ஒரு பெரிய விமானம், ஜம்மென்று பறந்துகொண்டிருந்தது. அதற்கும் மேலே, கொட்டை எழுத்தில், ‘வருக வருக’.

என் மகள் ஸ்கூட்டரை விட்டு இறங்கிப் போய் அந்த விளம்பரத்தைத் தட்டிப் பார்த்தாள், ஓரத்தை விரலால் அழுத்தினாள், பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள்.

“நல்ல திக்கான போர்டுப்பா” என்றாள். “மழைக்கு இது எப்ப விழும்?”